நான்கு விரல் அகலச் சாலை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு கான்கிரீட் சாலையின் வரலாற்றைச் சொல்லப்போகிறேன். அந்தச் சாலையின் அகலம் நம் கை விரல் நான்கைச் சேர்த்து வைத்த அளவுதான்.

அமெரிக்காவில் மாடல் ரயில் செய்வது பெரியவர்களின் பொழுதுபோக்கு. வீட்டு நிலவறையிலோ கார் ஷெட்டிலோ பெரிய மேசை போட்டு அதன்மேல் மலை, ஆறு, ஸ்டேஷன், ஊர் எல்லாம் செய்து நடுவே ரயிலை ஓட்டுவார்கள். அதை லேஅவுட் என்பார்கள். இதற்கென்றே 1934 ஜனவரியில் மில்வாக்கி நகரிலிருந்து 'மாடல் ரெயில்ரோடர்' என்ற மாத இதழ் வந்தது. மறு ஆண்டே அதே நகரில் தேசிய சங்கமும் தொடங்கியது. அவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். நிஜத்தில் 1 அடி, மேசையில் 3.5 மில்லிமீட்டர். அதாவது 87-இல் ஒரு பங்கு.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அங்கே இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறார். "சார், இன்ஜின் அச்சு அசலா வந்துடுது. பக்கத்துல போற சிமெண்ட் ரோடு மட்டும் பொம்மை மாதிரியே இருக்கு. ஏன்னு தெரியல" என்று எழுதியிருந்தார். அவருக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். காரணம் பெயிண்டிலோ பிளாஸ்டரிலோ இல்லை. இன்ஜின் எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி என்று எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். சாலைக்கும் ஓர் ஆண்டு உண்டு என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. சாலையின் மேல் தெரியும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

குதிரைக்குப் போட்ட கான்கிரீட்

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-இல் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் ஆஸ்ப்டின். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். ஆனால் அதைத் தெருவில் கொட்டி வண்டி ஓட்டலாம் என்ற துணிச்சல் அமெரிக்காவில் வர இன்னும் அறுபது எழுபது வருடம் ஆயிற்று.

ஓஹையோ மாநிலத்தில் பெல்ஃபோன்டெய்ன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஜார்ஜ் பார்தலோமியூ என்பவர் உள்ளூர் சுண்ணாம்பு மண்ணையும் களிமண்ணையும் வைத்து சிமெண்ட் தயாரித்து வந்தார். 1891-இல் கோர்ட் கட்டடத்தை ஒட்டி, குதிரைகளைக் கட்டி வைக்கும் இடத்தில், 8 அடி அகலத்துக்கு ஒரு பட்டை கான்கிரீட் போட்டுக் காட்டினார். அது தாங்கியது. அடுத்து 1893-இல் கோர்ட்டைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் போடலாம் என்றபோது ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பார்தலோமியூ சிமெண்டை இலவசமாகக் கொடுத்ததோடு, ஐந்து வருடம் தாங்கும் என்று 5,000 டாலருக்குப் பிணையும் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரும் பணம்.

அங்கே போட்ட கோர்ட் அவென்யூ இன்றைக்கும் இருக்கிறது. குதிரையின் குளம்பு வழுக்காமல் இருக்க, மேற்பரப்பைச் சதுரம் சதுரமாகக் கீறியிருந்தார்கள். கான்கிரீட் சாலையின் மேல் விழுந்த முதல் கோடுகளுக்குக் காரணம் காரல்ல, குதிரை.

ரயில்காரர்களே சாலை கேட்ட காலம்

நல்ல சாலை வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் கூட்டம் கூட்டிக் கேட்டவர்கள் சைக்கிள்காரர்கள். கார் அப்போது வரவேயில்லை. அவர்களுக்குப் பிறகு அந்தக் கோரிக்கைக்குத் தோள் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ரயில் கம்பெனிகள்!

1901-இல் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் கம்பெனி சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் பக்கம் 'நல்ல சாலை ரயில்' ஒன்றை விட்டது. அதில் சாலை போடும் இயந்திரங்களும் ஆட்களும் போனார்கள். வழியில் ஊர் ஊராக நின்று, மாதிரிச் சாலை போட்டுக் காட்டினார்கள். ரயில் கம்பெனியின் கணக்கு எளிது. மழை பெய்தால் விவசாயி சேற்றைத் தாண்டி ஸ்டேஷனுக்கு மூட்டை கொண்டுவர முடியவில்லை. சாலை நன்றாக இருந்தால் சரக்கு வரும், ரயிலுக்கு வருமானம். சாலை என்பது ஸ்டேஷனுக்குப் போகும் வழி என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அதே சாலையில் ஒரு நாள் லாரி வந்து, ஸ்டேஷனில் நிற்காமலே ஊரைத் தாண்டிப் போகும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மைல், பிறகு ஒரு வெள்ளைக் கோடு

1908 அக்டோபரில் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1909-இல் டெட்ராய்ட் பக்கத்தில், உட்வர்ட் அவென்யூவில், ஆறாம் மைல் சாலைக்கும் ஏழாம் மைல் சாலைக்கும் நடுவே ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சாலை போட்டார்கள். அகலம் கிட்டத்தட்ட 18 அடி. போட்டது வெய்ன் மாவட்டச் சாலை ஆணையம். 1906-இல் அந்த ஆணையம் அமைந்தபோது முதல் உறுப்பினர்களில் ஒருவர் ஹென்றி ஃபோர்டேதான். கார் செய்பவரே சாலைக் குழுவிலும் இருந்தார்!

அதே ஆணையத்தில் இருந்த எட்வர்ட் ஹைன்ஸ் 1911-இல் சாலையின் நடுவே வெள்ளைக் கோடு போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஓட்டைப் பால் வண்டி ஒன்று வழிநெடுகப் பால் சிந்திக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

1913-இல் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை லிங்கன் நெடுஞ்சாலை என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். முழுவதும் போட அவர்களிடம் பணம் இல்லை. ஒரு நல்ல தந்திரம் செய்தார்கள். ஆங்காங்கே, சேற்றுச் சாலைக்கு நடுவே, ஒரே ஒரு மைல் மட்டும் கான்கிரீட் போட்டார்கள். சிமெண்ட் கம்பெனிகள் சிமெண்டைத் தானமாகக் கொடுத்தன. 'விதை மைல்' என்று அதற்குப் பெயர். முதலாவது 1914-இல் இல்லினாய்ஸில் மால்டா என்ற ஊர் அருகே. சேற்றில் தள்ளாடி வந்த கார்க்காரர் அந்த ஒரு மைலில் வழுக்கிக்கொண்டு போவார். மைல் முடிந்ததும் மறுபடி சேறு. அப்புறம் அவரே போய்த் தன் ஊர்க் கமிஷனரிடம் சாலை கேட்பார். விதை முளைத்தது.

சாலை போட்ட ரயில்

மாடல் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. 1910-களிலும் 1920-களிலும் கான்கிரீட் சாலை போடுவதற்கான சாமான்கள் எப்படி வந்தன? ரயிலில்தான். மணல், ஜல்லி, 94 பவுண்டு சிமெண்ட் மூட்டை எல்லாம் பக்கத்து ஸ்டேஷன் சைடிங்கில் இறங்கும். அங்கிருந்து வேலை நடக்கும் இடத்துக்குச் சேற்றில் லாரி போகாது. அதனால் பல காண்ட்ராக்டர்கள் சாலை ஓரமாகவே இரண்டடி அகலத்தில் குட்டித் தண்டவாளம் போட்டார்கள். குட்டி இன்ஜின் ஒன்று, அளந்து கொட்டிய பெட்டிகளை மிக்சர் வரைக்கும் இழுத்துப் போகும். வேலை நகர நகரத் தண்டவாளத்தையும் நகர்த்திக்கொள்வார்கள். சாலை முடிந்ததும் கழற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

ஆக, ரயிலே தனக்குப் போட்டியைச் சுமந்து வந்து இறக்கியது. 1920-களை லேஅவுட்டில் காட்ட நினைப்பவருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. பாதி போட்ட சாலை, ஓரத்தில் குட்டி ரயில், ஈரம் காயாமல் இருக்க மேலே வைக்கோலோ மண்ணோ பரப்பித் தண்ணீர் தெளிக்கும் ஆட்கள். நம் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்களே, அதே வேலைதான்.

கோடுகள் ஏன்?

கான்கிரீட் சாலையைப் பார்த்தவுடன் அடையாளம் காட்டுவது அதன் குறுக்குக் கோடுகள். இது வகுப்பறைக் கணக்கு.

கான்கிரீட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 1 டிகிரி செல்சியஸுக்கு, 1 மீட்டர் நீளத்தில், சுமார் 0.01 மில்லிமீட்டர் மாறும். கேட்டால் ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் 30 மீட்டர் நீளப் பலகம் ஒன்று, பனிக்காலத்திலிருந்து கோடை உச்சிக்கு 50 டிகிரி ஏறினால்? 30 x 50 x 0.01. பதினைந்து மில்லிமீட்டர். ஒரு விரல் கனம். அது நகர இடம் விடாவிட்டால் இரண்டு பலகங்களும் முட்டிக்கொண்டு கூரை போல மேலே எழும்பி உடையும். அமெரிக்காவில் கடும் கோடையில் இது இன்றைக்கும் நடக்கிறது. அதனால் ஆங்காங்கே இடைவெளி விட்டுத் தாரோ வேறு நிரப்பியோ அடைத்தார்கள்.

இன்னொரு கோடு இருக்கிறது. ஈரக் கான்கிரீட் இறுகும்போது சுருங்கி, தானாக விரிசல் விடும். அதைத் தடுக்க முடியாது. "விரிசல் வரட்டும், ஆனால் நான் சொன்ன இடத்தில் வரட்டும்" என்று பொறியாளர்கள் முன்கூட்டியே மேலே ஒரு கீறல் போட்டு வைத்தார்கள். ஆரம்ப காலத்தில் ஈரத்திலேயே கைக்கருவியால் கீறினார்கள். அதன் விளிம்பு உருண்டையாக இருக்கும். 1950-களில் இயந்திர ரம்பம் பரவியது. அதன் வெட்டு நேராக, கூராக இருக்கும்.

மூன்றாவது, சாலையின் நட்டநடுவே நீளவாக்கில் ஓடும் கோடு. 1920-களின் தொடக்கத்தில் இல்லினாய்ஸ் மாநிலம் பேட்ஸ் சோதனை என்று ஒன்றை நடத்தியது. பலவிதமாகச் சாலை போட்டு, அதன்மேல் லாரிகளை ஓட்டி, எது எப்போது உடைகிறது என்று பார்த்தார்கள். சக்கரம் ஓரத்தில் போகும்போதுதான் பலகம் முதலில் உடைகிறது என்று தெரிந்தது. ஆகவே ஓரத்தைத் தடிமனாக்கினார்கள். நடுவே தாறுமாறாக ஓடும் விரிசலைத் தவிர்க்க, நடுக் கோட்டையும் திட்டமிட்டே வைத்தார்கள்.

இனி மேசைக்கு வருவோம்

1920-களின் 18 அடிச் சாலை, எச்.ஓ. அளவில் 63 மி.மீ. பத்தடி வீதம் இரண்டு தடம் என்றால் 70 மி.மீ. 1956-க்குப் பிந்தைய பெரு நெடுஞ்சாலை என்றால் ஒரு தடமே 12 அடி, அதாவது 42 மி.மீ. ஐம்பதுகளின் நெடுஞ்சாலையை முப்பதுகளின் ஊருக்குள் போட்டுவிட்டால், காரணம் புரியாவிட்டாலும் கண் உறுத்தும்.

சாலைக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகடும் பயன்படும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் பயன்படும். பிளாஸ்டர் என்றால் இரண்டு பக்கமும் சட்டம் ஒட்டி, நடுவே ஊற்றி, நேர்ப் பலகையால் இழுத்து மட்டம் செய்யலாம். நிஜத்தில் செய்ததும் இதைத்தானே! நடுவில் மிக லேசான மேடு இருக்கட்டும், தண்ணீர் ஓட வேண்டுமல்லவா. நிஜத்தில் 2 அங்குல மேடு என்றால் மேசையில் அரை மி.மீ. சொச்சம்தான்.

கோடு கீறும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். நிஜத்தில் அரை அங்குல இடைவெளி, மேசையில் 0.15 மி.மீ. கத்தி நுனியால் ஒரே ஒரு முறை இழுத்தால் போதும். ஒரு மி.மீ. அகலத்துக்குத் தோண்டினால் நிஜத்தில் மூன்றரை அங்குலப் பள்ளம்! சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொள்ளும். ஆனால் கோட்டின் மேல் வழிந்த தார் அப்படியல்ல. அது சில அங்குலம் அகலமாக, கோணல்மாணலாக இருக்கும். எனவே கீறல் மெல்லியதாகவும், மேலே தார்க் கறுப்பு கொஞ்சம் தாராளமாகவும் இருக்க வேண்டும். தாரை அளவுகோல் வைத்து இழுக்கக் கூடாது.

நிறம். கான்கிரீட் என்றதும் சாம்பல் நிற டப்பாவைத் தேடாதீர்கள். புதுக் கான்கிரீட் வெளுப்பாக, லேசான மணல் நிறத்தில் இருக்கும். உள்ளூர் மணலும் ஜல்லியும் எப்படியோ, நிறமும் அப்படி. ஒரு நாள் போட்ட பலகமும் மறுநாள் போட்டதும் ஒன்றாக இருக்காது. அதனால் இரண்டு மூன்று பலகங்களை மட்டும் ஒரு சாயல் மாற்றுங்கள். உடனே வித்தியாசம் தெரியும். பிறகு நீர்த்த கறுப்பு மையை ஒரு பூச்சு பூசித் துடையுங்கள்.

ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் நீளமாக ஒரு கரிய பட்டை வர வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் இன்ஜின் புகையும் எண்ணெய் ஆவியும் ஒரு குழாய் வழியாக நேரே சாலையில் இறங்கின. அதைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் ஏற்பாடு அமெரிக்கக் கார்களில் 1960-களின் தொடக்கத்தில்தான் பரவியது. ஆகவே 1950-களின் சாலைக்கு எண்ணெய்ப் பட்டை கட்டாயம். கார்கள் நின்று கிளம்பும் இடத்தில், லெவல் கிராசிங் முன்னால், அது இன்னும் அடர்த்தியாக இருக்கட்டும்.

லெவல் கிராசிங்கில் சாலை மெல்ல ஏறித் தண்டவாள மட்டத்துக்கு வர வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே கான்கிரீட் வராது, மரப் பலகைகள்தான். அவை தண்டவாளத் தலைக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கட்டும். சக்கர விளிம்பு போக இடைவெளியும் விடுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் தடம் புரளும்.

கடைசியாக இரண்டு அடையாளங்கள். எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் நடுக்கோடு மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற விதி 1971-இல்தான் வந்தது. அதற்கு முன் பொதுவாக வெள்ளை. 'ஸ்டாப்' பலகை சிவப்பானது 1954-இல். அதற்கு முன் மஞ்சளில் கறுப்பு எழுத்து. நீராவி இன்ஜின் புகைவிட்டுப் போகும் 1948-ஆம் ஆண்டு லேஅவுட்டில் சிவப்பு ஸ்டாப் பலகை நின்றால், நம் ஊர் சரித்திர சினிமாவில் ராஜா கையில் வாட்ச் தெரிவது போல!

சாலை ரயிலைத் தின்ற கதை

இது வெறும் கைவேலைக் கதையல்ல. 1916-இல் அமெரிக்க ரயில் பாதை சுமார் 2,54,000 மைல் என்ற உச்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு இறக்கம்தான். 1919 கோடையில் ராணுவ லாரிகள் அணிவகுத்து வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போயின. 3,200 மைலுக்கு மேல், 62 நாள். பாலங்கள் உடைந்தன, வண்டிகள் சேற்றில் புதைந்தன. உடன் போன இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசனோவர். அவரே அதிபராகி 1956 ஜூன் 29-இல் 41,000 மைல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது.

ரயில் கம்பெனியோ தன் பாதையைத் தானே போட்டு, தானே பராமரித்து, அந்த நிலத்துக்கு வரியும் கட்டியது. லாரிக்குப் பாதை பொதுப் பணத்தில் கிடைத்தது. 1958 முதல் 1960 வரை இல்லினாய்ஸில் ஒட்டாவா என்ற ஊர் அருகே மீண்டும் ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. ராணுவ வீரர்கள் லாரிகளை இரவு பகலாகச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று அதில் தெரிந்தது. அதாவது சாலையை உடைப்பது பெரும்பாலும் கனரக லாரிதான். 1971-இல், தனியார் கம்பெனிகளால் தாங்க முடியாத பயணி ரயில்களை ஆம்ட்ராக் என்ற பொது நிறுவனம் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று.

மாடல் ரயில்காரர்கள் அதிகம் விரும்பிச் செய்வது 1940-களும் 1950-களும்தான். நீராவியும் டீசலும் ஒன்றாக ஓடிய காலம். அந்த மேசையில் ரயிலுக்குப் பக்கத்தில் நாம் ஆசையாகக் கீறும் நான்கு விரல் சாலைதான், இன்னும் சில வருடத்தில் அந்தப் பயணி வண்டியை நிறுத்தப் போகிறது. அது தெரிந்து செய்பவர் ஸ்டேஷன் வாசலில் கூட்டத்தைக் கொஞ்சம் குறைப்பார். சாலையோரப் பெட்ரோல் பங்க்கில் ஒரு லாரியைக் கூடுதலாக நிறுத்துவார்.

மேசையில் இல்லாதவர்கள்

முதல் கான்கிரீட் மைல் போட்ட அதே டெட்ராய்ட்டில் ஹேஸ்டிங்ஸ் தெரு என்று ஒன்று இருந்தது. கறுப்பின மக்கள் கடை, சர்ச், இசைக் கூடம் என்று வைத்து வாழ்ந்த தெரு. வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு கிடைக்காத காலம் அது. 1950-களின் இறுதியிலிருந்து கிரைஸ்லர் நெடுஞ்சாலைக்காக அந்தத் தெருவையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். செயின்ட் பால் நகரில் ரோண்டோ என்ற பகுதிக்கும், மியாமியில் ஓவர்டவுனுக்கும் இதே கதிதான். வரைபடத்தில் ஒரு நேர்கோடு போடுவது எளிது. அந்தக் கோட்டுக்கு அடியில் யார் வீடு இருந்தது என்பதைக் கோடு சொல்லாது.

மேசையில் ஊர் செய்பவரும் ஒருவகையில் அந்த வரைபடக்காரர்தான். எந்தத் தெரு இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிப்பவர். அதனால் என் மாணவருக்கு முடிவாக எழுதியது இதுதான்: முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். 1925-ஆ, 1948-ஆ, 1962-ஆ? அகலம், கோடு, தார், எண்ணெய்க் கறை, பலகை எல்லாம் அந்த ஆண்டைக் கேட்டால் தானாக வரும். பிறகு, அந்தச் சாலை வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். முடிந்தால் அவர்களின் ஒரு கடையையாவது அந்தத் தெருவோரம் வைத்துவிடுங்கள்.

 அடுத்த முறை சிமெண்ட் ரோட்டில் பஸ் 'டடக் டடக்' என்று போகும்போது குறுக்குக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால், 30 x 50 x 0.01 எவ்வளவு என்று கேளுங்கள்.